பழைய சின்க்ரோ வேனைப் பயண ஊர்தியாக்குதல்: வாங்குமுன் செய்யும் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சாலையற்ற நிலங்களில் நெடும்பயணம் போக வேன் கட்ட நினைப்பவர்கள் ஐரோப்பாவில் இன்றும் தேடி அலையும் பழைய வண்டி, ஃபோக்ஸ்வேகன் டி3 சின்க்ரோ. 1970களில் அந்நிறுவனத்தின் வணிக ஊர்திப் பொறியாளர் குஸ்டாவ் மாயரும் அவர் குழுவினரும் முந்தைய தலைமுறை வேனில் நான்கு சக்கர இயக்கத்தைப் பொருத்தி, சகாரா மணலில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த முயற்சியின் வழியில் வந்ததே சின்க்ரோ. ஹானோவரில் உருவான கூடுகள் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகருக்குப் போக, 1985 முதல் 1992 வரை ஷ்டையர்-டைம்லர்-புக் ஆலை அவற்றை முழு வண்டிகளாக்கியது. மொத்தம் 40,000க்கு மேல். பெரிய 16 அங்குலச் சக்கரமும் வலுவூட்டிய கூடும் கொண்ட வகை அவற்றுள் மிகச் சிலவே.

வாங்க வருபவர் முதலில் எஞ்சினைக் கேட்கிறார். பிறகு உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி. கடைசியில்தான் வண்டிக்கு அடியில் குனிகிறார். இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பதே என் வாதம். மாற்ற முடியாததை முதலில் பார்க்க வேண்டும். எளிதில் மாற்றக்கூடியது கடைசியில் வரட்டும்.

2. கூடு

லாரிக்கு இருப்பதுபோல் இந்த வேனுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கூடே சேஸிஸ். ஆகவே இங்கே துரு என்பது தோற்றக் குறை அல்ல; சக்கரத்தைத் தாங்கும் இரும்பே கரைகிறது என்று பொருள். தகடுகள் சேரும் செங்குத்து இணைப்புகளில் அடைப்புப் பசை வெடித்து, நீர் உள்ளே தங்கி, பெயின்ட்டுக்குப் பின்னாலிருந்தே அரிப்பு தொடங்கும். முன்கண்ணாடியின் ரப்பர் ஓரம், சக்கர வளைவுகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், அலமாரிக்குப் பின்னால் மறைந்த பக்கத் தகடு ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி போட்டிருக்கிறார்கள். புதுப் பெயின்ட் பளபளக்கும் வண்டியைவிட, பழைய நிறமும் வெளியே தெரியும் துருவும் உள்ள வண்டியையே நான் நம்புவேன். அதில் எதுவும் ஒளிக்கப்படவில்லை. டிங்கர் வேலைக்கான கூலி, வண்டிக்குக் கொடுத்த விலையையே தாண்டிவிடக்கூடும்.

3. இயக்கத் தொடர்

சின்க்ரோவின் தனித்தன்மை இங்கேதான். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட ஷாஃப்ட் முன் டிஃபரென்ஷியலுக்கு விசையைக் கொண்டு செல்கிறது. அந்த டிஃபரென்ஷியலோடு சேர்ந்த உருளை ஒன்றில் மெல்லிய தட்டுகள் சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கியிருக்கும். பின்சக்கரம் வழுக்கினால் தட்டுகளின் வேகம் வேறுபடும்; எண்ணெய் தட்டுகளைப் பற்றி இழுக்க, முன்சக்கரத்துக்கு விசை தானே போய்ச் சேரும். ஓட்டுநர் எந்த நெம்புகோலையும் தொடவேண்டியதில்லை. இவ்வளவு அடக்கமான ஏற்பாடு அக்கால வேன்களில் அரிது.

ஆனால் எண்ணெய்க்கும் வயதுண்டு. பழசாகிப்போன இந்த உருளை இணைப்பு இறுகிவிட்டால் முன்னும் பின்னும் எப்போதும் பிணைந்தே சுழலும். அந்த அழுத்தத்தைக் கியர்பாக்ஸ் சுமக்கும். சோதனை எளிது: நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடேற்றியபின், காய்ந்த தாரில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல உருட்டுங்கள். வண்டி பிரேக் பிடித்ததுபோல் திணறினால் இணைப்பு கெட்டிருக்கிறது. நான்கு டயர்களும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்றும் பாருங்கள். சுற்றளவு வேறுபட்டால் நேர்ச் சாலையிலும் அந்தத் தட்டுகளுக்கு ஓய்வில்லை.

மிக மெதுவாக ஏற உதவும் ‘ஜி’ கியரையும், இருந்தால் பின் டிஃபரென்ஷியல் பூட்டையும் இயக்கிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடப்படாத பூட்டு பெரும்பாலும் துருவால் இறுகிக் கிடக்கும்.

4. எஞ்சின்

1.9, 2.1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்களில், சிலிண்டர் ஹெட்டுக்கும் நீர் உறைக்கும் இடையிலுள்ள ரப்பர் காஸ்கெட்தான் பலவீனம். தவறான கூலன்ட் ஊற்றினால் உலோகம் அரித்துக் கசியும். 1.6 லிட்டர் டர்போ டீசலின் 70 குதிரைத்திறன் சுமையேற்றிய வண்டிக்குக் குறைவு. இரண்டுமே விலகிப்போகக் காரணங்கள் அல்ல. வேறு எஞ்சினை ஏற்றுவது இவ்வண்டிகளில் பழகிய வேலை. கெட்ட எஞ்சினும் நல்ல கூடும் உள்ள வண்டியை மலிவாக வாங்குவதே என் பார்வையில் சிறந்த பேரம்.

5. சுமைக் கணக்கு

பயண ஊர்தியைக் கெடுப்பது பெரும்பாலும் கட்டுபவரின் ஆசைதான். 60 லிட்டர் நீர் 60 கிலோ. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ. அதே அளவு லித்தியம் பேட்டரிக்கு அதில் பாதிகூட இல்லை. கூரைமேல் ஏற்றும் மாற்றுச் சக்கரமும் கூடாரமும் சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். நீர்த்தொட்டி தரையோடு, இரு அச்சுகளுக்கு நடுவே அமைவதே நல்லது. அலமாரிப் பலகையைத் திருகுமுன், ஆட்களும் நீரும் எரிபொருளும் நிரம்பிய நிலையில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோய் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். வண்டித் தகட்டில் பொறித்த வரம்புக்கு மீதி எவ்வளவோ, அவ்வளவுக்குள் மட்டுமே மரவேலை.