படிக்க முடியாத தமிழ்க் கோப்புகள்: குறியேற்ற வரலாறும் மீட்பும்

1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் கணினியில் தட்டச்சான தமிழ்க் கோப்புகள் பல, இன்று திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுப்போகவில்லை. அதைப் படிக்க உதவிய எழுத்துருதான் கணினியில் இல்லை.

திருச்சி அரியமங்கலத்தில் 2001இல் பள்ளி மலர் ஒன்று டி.டி.பி. கடையில் தட்டச்சானது. இரண்டு பிளாப்பிகளிலும் ஒரு குறுந்தகட்டிலும் பிரதி எடுத்து வைத்தோம். ஆண்டுகள் கழித்துக் குறுந்தகட்டைத் திறந்தபோது 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகியவை நின்றன. பிரதி மூன்று இருந்தும் படிக்க ஒன்றுமில்லை.

இதன் காரணம் தமிழ்க் கணினியின் தொடக்க காலத்தில் உள்ளது. கனடாவில் சீனிவாசனின் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை எனத் தனி மனிதர்களின் உழைப்பால் தமிழ் கணினிக்குள் வந்தது. அன்றைய எழுத்துருவில் 256 இடங்களே உண்டு. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொருவரும் தம் வசதிப்படி வைத்துக்கொண்டனர். இலங்கைத் தமிழரிடம் பெரிதும் புழங்கி இங்குள்ள கடைகளுக்கும் வந்த பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தது. எங்கள் மலரும் பாமினிதான்.

ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் பல நடந்தன. இணையவழிக் கலந்துரையாடலில் டிஸ்கி உருவானது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களை அறிவித்தது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், அது பரவலாகப் புழக்கத்துக்கு வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2010இல் அரசு ஒருங்குறியையும் டேஸ்16ஐயும் ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அந்த உழைப்பு இல்லையென்றால் அந்நூல்களும் நம் குறுந்தகடு போலத்தான்.

மாற்றுவது எளிய வேலையன்று. 'கொடி' என்பதில் பழைய எழுத்துருக்கள் கொம்பு, க, கால் எனக் கண்ணில் படும் வரிசையில் சேமித்தன. ஒருங்குறி மெய்யை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் வைக்கிறது. மாற்றாத கோப்பைத் தேடுபொறி எவ்வளவு துழாவினாலும் 'கொடி' அகப்படாது.

சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் உதவுகின்றன. மூலக் கோப்பைத் தொடாமல் அதன் பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். ஜே, கே, பி, ஓ எனத் தெரிந்தால் முதலில் பாமினியாகக் கொண்டு பார்க்கலாம். உச்சிக்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் நிறைந்திருந்தால் டிஸ்கி, டாப், டாம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

எங்களைப் படுத்தியது வேறொன்று. யாரோ அந்தக் கோப்பை வேர்டில் மீண்டும் தட்டச்சு செய்து சேமித்திருக்கிறார். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது தானாகவே பெரிய எழுத்தாக்கிவிட்டது. பாமினியில் சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து'. ஆகவே 'தலைமையாசிரியர்' மாற்றியதும் 'துலைமையாசிரியர்' ஆனார். 'கமலா' 'குமலா' ஆனால் ஊகித்துத் திருத்தலாம். 'கணம்' 'குணம்' ஆனால் தவறு கண்ணிலேயே படாது.

இன்றைய தேடல் தரவுத்தளங்களும் இதற்கு விலக்கல்ல. எலாஸ்டிக்சர்ச்சில் ஒரு பெரும் பதிப்பில் உருவான தரவின் காப்புப் பிரதியை வழக்கமான முறையில் அடுத்த பெரும் பதிப்பு வரையே மீட்க முடியும். அதற்கும் பிந்தையதென்றால் இடைப்பட்ட பதிப்பில் மீட்டு, புதிதாகச் சுட்டாக்கம் செய்து ஏற்ற வேண்டும்.

மலரில் கட்டட நிதி தந்தோர் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு வரியும் 'திரு' என்று தொடங்கியதால் ஒவ்வொரு வரியும் பிழை. பழைய மாணவர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடைத்த அச்சுப்படியை வைத்து வரிவரியாக ஒப்பிட்டோம். கறையான் தின்ற கடைசிப் பக்கத்துப் பெயர்களை மட்டும் இன்னும் ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்துவருகிறோம்.