பிரபலங்களின் சாட்சியம் (அமெரிக்க நாடாளுமன்றம்)

அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் விசாரணையில் திரை, இசை, நகைச்சுவைக் கலைஞர்கள் அளிக்கும் வாக்குமூலம். துறை அறிவைவிட ஊடகக் கவனத்துக்காகவே பலர் அழைக்கப்படுகின்றனர். இசைத்தட்டு உறைகளில் எச்சரிக்கைக் குறிப்பு இடுவதை 1985 செப்டம்பர் 19 அன்று செனட் வணிகக் குழு முன் ஃபிராங்க் ஸாப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் எதிர்த்தனர். 2002இல் எல்மோ என்ற தொலைக்காட்சிக் கைப்பாவைப் பாத்திரமும் இசைக்கல்விக்காகப் பேசியது. பெருஞ்சர்ச்சைக்குரியது 2010 செப்டம்பர் 24 அமர்வு. நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் பண்ணையில் ஒரு நாள் வேலை செய்தபின், தம் தொலைக்காட்சிப் பாத்திரமாகவே பிரதிநிதிகள் சபைத் துணைக்குழு முன் புலம்பெயர் விவசாயக் கூலிகளுக்காக வாதிட்டார். உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் அவரை வெளியேறச் சொல்லிப் பின்னர் அக்கோரிக்கையைக் கைவிட்டார். கேள்வி நேரத்தில் வேடம் கலைத்துக் கோல்பேர் தந்த சுருக்கமான பதிலே அதிகம் நினைவுகூரப்படுகிறது. 2019 ஜூன் 11 அன்று ஜான் ஸ்டூவர்ட், செப்டம்பர் 11 தாக்குதலின் மீட்புப் பணியாளர் இழப்பீட்டு நிதிக்காகச் சாட்சியமளித்தார்; அந்நிதியை நீட்டிக்கும் சட்டம் ஜூலை 29 அன்று கையெழுத்தானது.