நார்டூ: வயிறு நிறைந்தும் உயிர் தங்காத கதை

ஆஸ்திரேலியா போயிட்டு வந்தவங்ககிட்ட "அங்க என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா வெஜிமைட், மீட் பை, லாமிங்டன்னு ஒரு பட்டியல் வரும். அதெல்லாம் வெள்ளைக்காரர்கள் குடியேறின பிறகு வந்தது. நான் இன்னிக்குச் சொல்லப்போறது அதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த மண்ணில் இருந்த ஒரு உணவைப் பற்றி. பேர் நார்டூ. அதை நம்பி நாளைக் கடத்திய மூன்று பயணிகளில் ஒருவர்தான் உயிரோடு ஊர் திரும்பினார்.

1860 ஆகஸ்ட் 20. மெல்போர்னிலிருந்து ஒரு பெரிய குழு கிளம்பியது. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கு வரை கடப்பது திட்டம். ஒட்டகங்கள், குதிரைகள், சுமார் 20 டன் சாமான். தலைவர் ராபர்ட் ஓ'ஹாரா பர்க், போலீஸ் அதிகாரி. கூடவே நில அளவையாளர் வில்லியம் வில்ஸ், இந்தியாவில் பிரிட்டிஷ் படையில் சிப்பாயாக இருந்த ஜான் கிங்.

பாதி வழியில் கூப்பர் ஓடைக்கரையில் முகாம் போட்டார்கள். அங்கிருந்து இந்த மூவரும் சார்லஸ் கிரேயும் மட்டும் வடக்கே போனார்கள். கடலோரச் சதுப்பு வரை எட்டிவிட்டார்கள். திரும்பும் வழியில் கிரே இறந்தார். 1861 ஏப்ரல் 21 மாலை மற்ற மூவரும் முகாமுக்கு வந்தால், ஆளே இல்லை. நான்கு மாதம் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் கிளம்பியிருந்தார்கள்! மரத்தடியில் கொஞ்சம் உணவைப் புதைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஓடைக்கரை யன்ட்ருவந்தா என்ற பூர்வகுடி மக்களின் ஊர். இவர்கள் பட்டினி கிடக்கும் அதே இடத்தில் அவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மூவருக்கும் மீனும், நார்டூ மாவில் செய்த அடையும் கொடுத்தார்கள்.

நார்டூன்னா என்ன? நம்ம ஊர்ல வயல் வரப்பிலும் குளத்தோரத்திலும் நாலு இலை விரிச்சு நிக்குமே ஆரைக்கீரை, அதோட நெருங்கிய சொந்தம். நாம இலையைச் சாப்பிடுறோம். அவங்க அதன் வித்துகள் அடங்கிய கெட்டியான சின்ன உருண்டைகளைப் பொறுக்கி மாவாக்குவாங்க.

உறவு நீடிக்கவில்லை. யன்ட்ருவந்தா ஆட்கள் கொண்டுவந்த மீனை பர்க் தட்டிவிட்டு, துப்பாக்கியால் சுடச் சொன்னதாகக் கிங் பிறகு சொல்லியிருக்கிறார். அவர்கள் விலகிப் போனார்கள். மூவரும் தாங்களே நார்டூவைப் பொறுக்கி, இடித்துச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தது. ஆனால் உடம்பு உருகியது, கால் நடுங்கியது, எழுந்து நிற்கவே முடியவில்லை. நார்டூ பசியை அடக்குகிறது, தெம்பு மட்டும் வரவில்லை என்று வில்ஸ் தன் நாட்குறிப்பில் குழம்புகிறார். ஜூன் மாதக் கடைசி வாக்கில் வில்ஸும் பர்க்கும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

காரணம் என்ன? 1994இல் ஜான் ஏர்ல், பேரி மெக்லியரி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். நார்டூவில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது உடம்புக்கு வேண்டிய பி1 வைட்டமினை அழித்துவிடும். விளைவு, பெரிபெரி. யன்ட்ருவந்தா மக்கள் அதை வறுத்து, அரைத்து, நிறைய தண்ணீர் சேர்த்துத்தான் சாப்பிட்டார்கள். அந்தப் பக்குவம் நொதியின் வேகத்தைக் குறைத்தது. பயணிகளுக்குப் பொருள் தெரிந்தது, பக்குவம் தெரியவில்லை. குளிரும் பட்டினியும் சேர்ந்து மிச்சத்தை முடித்தன.

கிங் என்ன செய்தார் தெரியுமா? அவர்களைத் தேடிப் போனார். பறவைகளைச் சுட்டுக் கொடுத்தார். ஒரு பெண்ணின் கைப்புண்ணுக்கு மருந்து போட்டார். அவர்கள் தங்கள் பக்குவத்தில் செய்த நார்டூவையும் மீனையும் சாப்பிட்டார். செப்டம்பர் 15இல் ஆல்ஃபிரட் ஹோவிட்டின் தேடுதல் குழு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். அதே ஓடை, அதே நார்டூ.

1865இல் மெல்போர்னில் பர்க்குக்கும் வில்ஸுக்கும் பெரிய சிலை வைத்தார்கள். கிங்கைக் காப்பாற்றிய மக்களுக்கு ஹோவிட் கொடுத்தது சில பித்தளைப் பதக்கங்கள். எனக்கென்னவோ அந்தச் சிலையைவிட, கிங்குக்குச் சோறு போட்ட அந்தக் குடும்பங்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசணும்னு தோணுது. ஒரு ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுறதுக்கு முன்னாடி, அதைச் சமைக்கிறவங்க பக்கத்துல கொஞ்சம் உக்காரணும்.