நகல் பூனை சொன்ன பாடம்

மலருக்கு எழுதுங்கள் என்றதும் எல்லோருக்கும் ஹாஸ்டல் நினைவுகள்தான் வரும். நம் விலங்கியல் துறையில் படித்த எனக்கோ ஒரு பூனையின் வரலாறு நினைவுக்கு வந்தது.

ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1996 ஜூலை 5 அன்று டாலி என்ற செம்மறிக்குட்டி பிறந்தது. வளர்ந்த ஆட்டின் மடிச் செல்லை, உட்கரு நீக்கிய முட்டையோடு இணைத்து உருவாக்கிய நகல் அது. 277 முட்டைகளில் முயன்றும் பிறந்தது ஒரே ஒரு குட்டி.

அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜான் ஸ்பெர்லிங், மிஸ்ஸி என்ற நாயை இதேபோல் நகலெடுக்க ஆசைப்பட்டார். 1998இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு 23 லட்சம் டாலர் வழங்கினார். 2000இல் 'ஜெனடிக் சேவிங்ஸ் அண்ட் குளோன்' என்ற கம்பெனியும் உருவாயிற்று. நாயின் முட்டை முதிராமலே வெளிவருவதால் வேலை லேசில் நடக்கவில்லை. பூனை முந்திக்கொண்டது. எட்டு வாடகைத் தாய்ப் பூனைகளுக்குள் 87 கருக்களை வைத்ததில், 2001 டிசம்பர் 22 அன்று 'சிசி' மட்டும் பிறந்தது.

வேடிக்கை என்னவென்றால், செல் கொடுத்த ரெயின்போ மூன்று நிறப் பூனை. சிசியிடம் செம்மஞ்சள் நிறமே இல்லை! பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று உறங்கிவிடும். செம்மஞ்சள் மரபணு இருப்பது எக்ஸில்தான். எடுத்த செல்லில் அது உறங்கிப்போயிருந்தது, குட்டியிலும் விழிக்கவில்லை. மரபணு அதே, மேனி வேறு.

இருந்தும் வியாபாரம் நிற்கவில்லை. 2004இல் ஒரு நகல் பூனை 50,000 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் சுமார் 22 லட்சம் ரூபாய். வாடிக்கையாளர் அதிகம் சேராததால் 2006இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். இதற்கிடையே, 2005இல் தென்கொரியாவில் ஸ்னப்பி என்ற முதல் நகல் நாய் பிறந்தது. அதற்காக 123 நாய்களுக்குள் 1,095 கருக்களை வைத்தார்கள். மிஸ்ஸியின் நகல் 2007இல் அதே நாட்டில் பிறந்தது. மிஸ்ஸி 2002லேயே இறந்துவிட்டது.

பண்ணை விலங்கின் கணக்கு வேறு. அங்கே தேவை நல்ல காளையின் மரபணுதான். அதன் விந்துக்குத்தான் விலை. நகல் மாடு, பன்றி, ஆடுகளின் இறைச்சியும் பாலும் பாதுகாப்பானவை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் அறிவித்தது. மரபணுவை வாங்க வந்தவனுக்கு மரபணு கிடைக்கிறது. அதில் ஏமாற்றம் இல்லை.

வளர்த்த நாயைப் பறிகொடுத்தவர்கள் சிலர் என்னிடம், "சார், நம்ம நாயையே திரும்பக் கொண்டு வரலாமாமே?" என்று கேட்டதுண்டு. "அதோட ரெட்டைப் பிறவி வரும், உங்களை அதுக்குத் தெரியாது" என்பதுதான் என் பதில். வாசலில் நமக்காகக் காத்திருந்த பழக்கம் எந்தச் செல்லிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

மரபியல் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த முறை 'குளோனிங்' என்று விளம்பரம் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: உண்மையில் எதை விற்கிறார்கள்? அதற்காக எத்தனை விலங்குகள் பாடுபட்டன?