வந்து போவோர் வாழ்ந்த கடற்கரை

திருவொற்றியூரில் தங்குவதற்கு நிபந்தனை விதிக்கப்பெற்ற முதல் யாத்திரிகர் சுந்தரமூர்த்தி நாயனாரே என்று சொன்னால், சைவப் பெரியோர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். தலயாத்திரையாக வந்த அவர், சங்கிலியாரை மணம் புரியும்பொருட்டு, அவரைப் பிரிந்து போவதில்லை என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார் என்றும், திருவாரூரில் வசந்தோற்சவ காலம் வந்ததும் மனம் தரிக்காமல் புறப்பட்டார் என்றும், ஊரெல்லையைக் கடந்த அளவிலேயே கண்ணொளி இழந்தார் என்றும் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. பிற்காலத்து சர்க்கார்கள் குறித்த நாளில் புறப்படாதவனைத் தண்டித்தன. ஒற்றியூர்ப் பெருமானோ புறப்பட்டவரைத் தண்டித்தார். அந்த ஒரு வித்தியாசத்தைத் தவிர, தங்குவதற்கு ஒரு வாக்கு, வாக்குத் தவறினால் ஒரு தண்டனை என்ற ஏற்பாடு ஒன்றேதான்.

இராயபுரத்தில் தொடங்கி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரையில் நீண்டு கிடக்கும் இக்கரையின் பழங்கதையை எழுதப் புகுவோர், துறைமுகத்தையும், 1856இல் திறக்கப்பெற்ற இராயபுரம் ரயில் நிலையத்தையும், பின்னாளில் எழுந்த ஆலைகளையும் அனல்மின் நிலையத்தையும் வரிசையாகக் கூறி முடித்துவிடுவது வழக்கம். ஆயினும் இங்கே வாசம் செய்த ஜனங்களின் சரித்திரத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், அந்நிய தேசத்தில் வந்து போகிறவன் என்ற பெயரிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிடும் ஒரு பழக்கம், தலைமுறை தலைமுறையாக இவர்களைத் தொடர்ந்து வந்திருப்பது புலப்படும். சர்க்கார் ஏடுகளில் மனிதர் இரண்டே வகையினர்: குடியேறினவர், பார்த்துவிட்டுப் போக வந்தவர். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாமவருக்கு அந்த ஏட்டில் ஒரு பத்தி ஒதுக்கப்படவேயில்லை. அவரோ எண்ணிக்கையில் அற்பமானவரல்லர்.

முதலில் அவ்விதம் வாழ்ந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்தாம். கம்பெனியின் அநுமதிச் சீட்டில்லாமல் ஓர் ஆங்கில வியாபாரி இந்த மண்ணில் குடியிருக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 1833ஆம் வருஷத்துச் சாசனச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்தியபோதுங்கூட, கப்பலிலிருந்து இறங்குகிறவர் தம் பெயரையும், போகுமிடத்தையும், வந்த காரியத்தையும் சுங்க அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று விதித்தது. எண்ணூர்க் கழியில் படகு விட்டு உல்லாசமாகப் பொழுது போக்கிய கனவான்கள் எல்லாரும் என்றோ ஒருநாள் தாயகம் திரும்பிவிடுவதாகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதையும், அவர்களில் அநேகருக்கு இவ்வூர்க் கல்லறைத் தோட்டங்களே சாசுவதமான விலாசமாயின என்பதையும் சொல்லிவிட்டு, நம்மவர்களின் கதைக்கு வருவோம்.

நம்மவர்களின் அக்கரைச் சீமை பர்மா. சென்னைக்கும் அந்த நாட்டுக்கும் இருந்த நெருக்கத்தை அறிய வேறெங்கும் போக வேண்டுவதில்லை. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்தருகே கொளுத்திய எண்ணெய்த் தொட்டிகள், பர்மா ஆயில் கம்பெனியாருடையவை. இங்கே வீடுகளில் எரிந்த மண்ணெண்ணெயும், உலையில் வெந்த அரிசியும், நாட்டுக்கோட்டையாரின் மாளிகைகளைத் தாங்கிய தேக்கும் அக்கரையிலிருந்து வந்தவை. பதிலுக்கு இங்கிருந்து சென்றவர்கள் மனிதர்கள். 1931ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கு மேற்பட்டிருந்தார்கள். ரங்கூன் நகர ஜனத்தொகையில் பாதிக்குமேல் அவர்களே. செட்டியார்களின் லேவாதேவிக் கடைகளில் மேலாள்கள் மூன்று வருஷத் தவணை பேசிக்கொண்டு கப்பலேறினார்கள். தவணை முடிந்து ஊருக்கு வந்து, வீட்டுக் காரியங்களைக் கவனித்துவிட்டு, மறுபடியும் அடுத்த தவணைக்குப் புறப்பட்டார்கள். துறைமுகக் கூலிகளும், கடைச் சிப்பந்திகளும், சமையற்காரர்களும் தவணை என்று ஏதும் பேசாமலே போனார்கள். பர்மா அக்காலத்தில் இந்தியாவின் ஒரு மாகாணமாகையால் கடவுச்சீட்டு எவரிடமும் கேட்கப்படவில்லை.

1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா தனி நாடாகப் பிரிக்கப்பட்டது. முதல்நாள் இரவு ரங்கூனில் படுத்துறங்கிய தமிழன், மறுநாள் காலையில் தான் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே அந்நியனாக விழித்தெழுந்தான். 1941இல் இரு சர்க்கார்களும் செய்துகொண்ட குடிநுழைவு ஒப்பந்தம் வந்தவர்களை வகைப்படுத்தப் புகுந்து, இந்தியரிடையே பெருங்கிளர்ச்சியை உண்டாக்கிற்று. அது நன்கு நடைமுறைக்கு வருமுன் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். 1942இல் லட்சக்கணக்கானவர்கள் மலைகளையும் காடுகளையும் கால்நடையாகக் கடந்து இந்தியா வந்து சேர்ந்தனர். ரங்கூனில் 'ஜோதி' என்னும் பத்திரிகையை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மாவும் அவ்வாறு நடந்து வந்தவர். அந்தப் பிரயாணத்தை அவர் எழுதி வைத்திராவிட்டால், வழியில் விழுந்து மடிந்தவர்களை நினைப்பதற்குத் தமிழில் நமக்கு என்ன இருந்திருக்கும்?

யுத்தம் ஓய்ந்ததும் அவர்களில் ஒரு பகுதியார் திரும்பவும் கப்பலேறினார்கள் என்பதுதான் இந்தச் சரித்திரத்தில் யோசிக்கத்தக்க இடம். அறிவில்லாமல் போனார்கள் என்று இன்றைக்கு நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். கடையும், நிலுவைக் கணக்கும், சில குடும்பங்களில் பெண்டு பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். 1948இல் சுதந்திரம் பெற்ற பர்மா, எட்டு வருஷ வாசத்தைத் தகுதியாக வைத்துப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்துகொள்ளும்படி வழியும் வகுத்தது. மனுச் செய்யாமல் விட்டவர்கள் பலர். செய்துவிட்டுத் தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர். என்றாவது ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்கு இந்தப் பிரஜாவுரிமை எதற்கு என்ற அலட்சியம் முன்னவர்களிடம் இருந்தது. அந்த அலட்சியத்துக்குள்ளே, ஊரில் வாங்கிப் போட்ட நிலமும், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கடாவும் இருந்தன. விளைவு என்னவென்றால், பர்மாவிலேயே பிறந்து, பர்மிய பாஷையிலேயே கனவு கண்டவர்களும், அந்நியர் பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து நாற்பது வயதைக் கடந்தார்கள்.

1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். மறுவருஷம் பாங்கிகளும், 1964 மார்ச்சில் கடைகளும் தேசவுடைமையாயின. அதே வருஷம் மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. கடை போயிற்று, ரொக்கம் போயிற்று; எஞ்சியது பதிவுச் சான்று மாத்திரமே. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 1.44 லட்சம் பேர் வந்து சேர்ந்ததாகக் கணக்கு. கும்மிடிப்பூண்டி முதலிய இடங்களில் முகாம்கள் அமைக்கப்பட்டன. வியாசர்பாடியிலும், எண்ணூரில் இன்றும் பர்மா நகர் என்று வழங்கும் குடியிருப்பிலும் அவர்கள் காலூன்றினார்கள். கால் கொள்ளாத சிலர், நடந்தாவது பர்மாவுக்கே போய்விடுவதென்று கிளம்பி, மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே என்னும் ஊரில் தடைபட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அவ்வெல்லையூரில் அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எழும்பியது இப்படித்தான். சொந்த நாட்டில் அகதிகள் என்றும், விட்டு வந்த நாட்டில் அந்நியர் என்றும் பெயர் பெற்ற இவர்களைப்போல் காகிதத்தால் அலைக்கழிக்கப்பட்ட கூட்டம் தமிழ்ச் சரித்திரத்தில் அதிகமில்லை. இலங்கைத் தோட்டத் தொழிலாளரை வேண்டுமானால் சொல்லலாம்.

மலாயாவின் கதை இவ்வளவு கொடூரமானதன்று. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்றவல்லதாய், சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சளைக்காமல் போய் வந்தது. 1953இல் மலாயாக் குடிநுழைவுச் சட்டம் இறுகிய பிறகு, ஊருக்கு வந்து போகிறவர்கள் மறுநுழைவுச் சீட்டின் கெடுவை நாள்தோறும் எண்ணிக்கொண்டே கல்யாணத்தையும் கருமாதியையும் நடத்தினார்கள். பிரஜைகள் ஆகாதவர்களுக்குச் சிவப்பு அடையாள அட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டே பேரன் பேத்தி எடுத்தவர்கள் உண்டு. 1969ஆம் வருஷத்துக் கலவரத்தை ஒட்டி, பிரஜையல்லாதவர்களுக்கு வேலை அநுமதி கட்டாயமாக்கப்பட்ட காலத்தில், தோட்டத் தொழிலாளர் ஏறக்குறைய அறுபதினாயிரம் பேர் இந்தியா திரும்பினார்கள்.

அதே 1969இல், கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதையில், பர்மாவிலிருந்து வந்தவர்களின் ஜீவனத்துக்காகக் கடைகள் ஏற்படுத்திக் கொடுக்கப்பட்டன. பர்மா பஜார் என்று பெயர் பெற்ற அந்த வரிசையின் வியாபாரச் சூட்சுமத்தை அறிந்துகொள்ள அக்காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளை நினைவில் கொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கைக்கடிகாரமும், டேப் ரிக்கார்டரும், சென்ட் புட்டியும் நேர்வழியில் கிடைக்காத நாட்டில், கப்பல் மாலுமியின் பெட்டியும் பிரயாணியின் மூட்டையுமே கிட்டங்கிகளாயின. இங்கேதான் 'குருவி' தோன்றினார். வியாபாரி டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். குருவி இங்கிருந்து கைலியும் சேலையும் கொண்டுபோய், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கத்து விடுதியொன்றில் ஓரிரு இரவு கழித்து, அங்குள்ளவர் கட்டிக் கொடுத்த சரக்கைத் தம்முடைய சொந்த உடைமையாகச் சுங்கத்தாரிடம் காட்டிக் கொண்டுவருவார். கடவுச்சீட்டில் அவர் சுற்றுலாப் பயணி. சிங்கப்பூருக்குப் பலமுறை போய்வந்தும், கடைத்தெருவைத் தவிர அந்நகரில் வேறொன்றும் பாராதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். 1972இல் வாங்கப்பட்டு வ. உ. சி.யின் பெயர் தாங்கிய 'சிதம்பரம்' கப்பல், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றி உயிர்ச்சேதம் விளைந்தபின், பிரயாணிக் கப்பல் போக்குவரத்து நின்றுபோக, குருவிகளுக்கு ஆகாய விமானமே கதியாயிற்று. 1991க்குப் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்ததும் அந்தத் தொழிலின் லாபம் சுருங்கியது, முற்றும் ஒழியவில்லை.

குருவிகள் மூன்று நாளில் திரும்பினார்கள். திரும்பாமலே இருந்துவிட்டவர்களைப் பற்றி ஊர் வேறு விதமாகப் பேசும். 'டூரிஸ்ட்டில் போயிருக்கிறான்' என்று ஒரு தாய் சொன்னால், மகன் மலையோ கடலோ பார்க்கப் போயிருக்கிறான் என்று இப்பக்கத்தில் எவரும் பொருள் கொள்வதில்லை. கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். கடவுச்சீட்டு முதலாளியின் மேசை அறையில் கிடக்கிறது. கெடு முடிவதற்குள் தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் போய் மறுநாள் புது முத்திரையோடு திரும்பினால் இன்னும் சில நாள். அதுவும் தவறிப்போனால், சீருடையைக் கண்ட இடத்தில் சந்து மாறிச் செல்ல வேண்டும். நோய்க்கு ஆஸ்பத்திரி இல்லை, கூலி நிலுவைக்குப் புகார் இல்லை. தகப்பனார் இறந்த செய்தி வந்தால் புறப்பட வழியில்லை, புறப்பட்டால் மறுபடி நுழைய வழியில்லை. சிங்கப்பூரில் தொண்ணூறு நாளுக்குமேல் கெடு கடந்து தங்கினவனுக்கு மூன்று பிரம்படியாவது உண்டு. சட்டத்தை மீறினவன் குற்றவாளிதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவனை அனுப்பிக் கமிஷன் பெற்ற ஏஜெண்டும், பாதிக் கூலிக்கு அவனை வைத்து வேலை வாங்கிய முதலாளியும் எந்த ஏட்டிலும் பெயர் பதியப்படாமல் கௌரவமாக இருக்கிறார்களே என்பதுதான் என் ஆட்சேபம். நிரந்தரமாக வேண்டிய வேலையைத் தற்காலிக மனிதனைக் கொண்டு செய்வித்துக்கொள்வது, ரங்கூன் துறைமுகத்துக் கூலிகளின் காலத்திலிருந்தே லாபகரமான காரியமாக இருந்து வந்திருக்கிறது.

2010இல் மலேசியா, வந்திறங்கியதும் இந்தியருக்கு விசா வழங்கும் சலுகையை நிறுத்தியது. அவ்வழியில் நுழைந்தவர்களில் ஏறக்குறைய நாற்பதினாயிரம் பேர் திரும்பிப் போகவில்லை என்பது அந்த அரசினர் சொன்ன காரணம். அவர்களில் மிகப் பலர் சென்னையிலிருந்து சென்றவர்கள் என்றும் அப்போது பேசப்பட்டது. காலம் மாறி, 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியர் விசாவே இல்லாமல் முப்பது நாள் அங்கே இருக்கலாம் என்று ஆயிற்று. அதே டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவுக்கு அஞ்சி எண்ணூர் பர்மா நகர் ஜனங்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தார்கள். அக்கரைக்குப் போவதற்குக் காரணம் தேடுகிறவனுக்கு இந்தக் கரையில் அது ஒருநாளும் பஞ்சமாக இருந்ததில்லை. முப்பது நாள் என்பது இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலை முருகனையும் பார்த்து வருவதற்கு ஏராளம். பரோட்டாக் கல்லின் முன் நின்று, முதலாளிக்குத் திருப்தியாக மாவு வீசக் கற்றுக்கொள்வதற்கோ அது போதாது.