யாருடைய காது? - வீட்டுத் திரையரங்கின் அளவுத்திருத்தம் குறித்துச் சில குறிப்புகள்

நண்பர் வீட்டில் புதிதாக ஒரு ரிசீவர். ஐந்து ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர், கூடவே ஒரு குட்டி மைக். சோபாவின் நடுவில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் மைக்கை நிறுத்திவிட்டு, "யாரும் பேசாதீங்க, ஃபேனை நிறுத்துங்க" என்றார். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகக் கீச்சிட்டன. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. சுற்றுப்புறச் சத்தம் அதிகம் என்று திரையில் எழுத்து வந்தது. மறுபடி முதலிலிருந்து. அவருடைய அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். ஒரு வீடு தன் ஓசைகளை எல்லாம் அடக்கிக்கொண்டு ஓர் இயந்திரத்தின் முன் காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஒலியை அதன் இடத்தோடு சேர்த்துக் கடத்தும் முயற்சியில் இரண்டு மரபுகளைப் பிரித்தறியலாம். முதலாவது இங்கிலாந்தில். இஎம்ஐ பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931 டிசம்பரில் விண்ணப்பித்த காப்புரிமை இரண்டு காதுகளிலிருந்து தொடங்குகிறது. இரண்டு காது, ஆகவே இரண்டு ஒலிவழி. இரு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில் இருப்பவருக்குப் பாடகரின் குரல் நடுவெளியில் நிற்கும். சற்றே இடப்புறம் நகர்ந்தால் குரலும் இடப்புறம் சரிந்துவிடும். மறுமலர்ச்சிக் கால ஓவியம் ஒற்றைக் கண்ணுக்காகத் தன் வெளியைக் கட்டியதைப் போல, ஸ்டீரியோ ஒற்றை இருக்கைக்காகத் தன் வெளியைக் கட்டியது எனலாம்.

இரண்டாவது மரபு அமெரிக்காவில். 1933 ஏப்ரல் 27 அன்று ஃபிலடெல்ஃபியாவில் இசைக்குழு வாசிக்க, பெல் ஆய்வுக்கூடத்தார் அதைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே வாஷிங்டன் அரங்கு ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மைக், மூன்று ஒலிவழி, மூன்று ஸ்பீக்கர். ஏன் மூன்று? அரங்கில் இருப்பது ஒரு ஆள் இல்லை, ஒரு கூட்டம். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுவிலுள்ள வாத்தியம் நடுவிலிருந்தே கேட்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் வேண்டும். சினிமா இந்த மரபையே எடுத்துக்கொண்டது. 1940இல் 'ஃபேன்டேஸியா'வுக்காக ஒரு சில அரங்குகளில் மட்டும் அமைக்கப்பட்ட ஏற்பாட்டிலும் திரைக்குப் பின்னால் மூன்று ஒலிவழிகளே இருந்தன. 1982இல் வீட்டுக்கு வந்த டால்பி சரவுண்டில் நடு ஒலிவழி இல்லை. 1987இல் புரோ லாஜிக்கோடுதான் அது வந்தது. சென்டர் ஸ்பீக்கர், பிறப்பால், கூட்டத்தின் ஸ்பீக்கர்.

அளவுத்திருத்தம் என்கிற சொல்லாடல் இதன்மீது வேறொன்றைக் கட்டுகிறது. லூகாஸ்ஃபிலிமில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கி 1983இல் அறிமுகமான டிஎச்எக்ஸின் இலட்சியம், ஒலிக்கலவைக் கூடத்தில் இயக்குநர் கேட்டதையே எல்லா அரங்குகளிலும் கேட்கச் செய்வது. குறிப்பிட்ட சோதனை ஒலிக்கு 85 டெசிபல் என்பது திரையரங்க அளவு. வீட்டில் அதுவே ரிசீவரின் சோதனை இரைச்சலுக்கு 75 டெசிபலாயிற்று. கையில் ஒலிமானியும் டேப்பும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அளந்தார்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். ஆகவே பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கரை ரிசீவர் அந்த அளவுக்குத் தாமதப்படுத்த வேண்டும். 2002இல் தொடங்கப்பட்ட ஆடிஸி நிறுவனம் (இதன் நிறுவனர்களிலும் ஹோல்மன் உண்டு) இந்த வேலையை மைக்கிடமும் கணிப்பொறியிடமும் ஒப்படைத்தது. மைக்கை ஆறு, எட்டு இடங்களில் மாற்றி மாற்றி வைக்கச் சொல்வதால் இது பன்மையை ஏற்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் ஸ்பீக்கர்களின் தூரத்தைத் தீர்மானிப்பது மைக் முதலில் நின்ற இடம். கையேடுகள் அதை 'முதன்மைக் கேட்பிடம்' என்கின்றன. கூட்டத்துக்காகப் பிறந்த ஸ்பீக்கரைச் சுற்றி ப்ளூம்லைனின் ஒற்றை இருக்கை மறுபடி போடப்பட்டுவிட்டது.

அளவுத்திருத்தமே மோசடி என்று சொல்ல வரவில்லை. தூரத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டு வசனம் கலங்குவதைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கேள்வி வேறு: வீட்டில் யாருடைய காது 'வீட்டின் காது' ஆகிறது?

அன்று படம் ஓடியபோது சுவரோரமிருந்த அம்மா சொன்னார்: "பேசறது ஒண்ணும் புரியலப்பா, வெடி மட்டும் காதைக் கிழிக்குது." இருட்டில் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் அரங்குக்காக வகுக்கப்பட்ட அளவு அது. வீட்டில் சத்தத்தைக் குறைத்தால் முதலில் ஃபேன் காற்றில் மூழ்குவது வசனம்; கூட்டினால் வெடி. ஓர இருக்கையில், காதும் சற்று மந்தமான ஒருவருக்கு இது இரட்டிப்பு.

செய்யக்கூடியவை எளியவை. சென்டர் ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டலாம். அதன் முகத்தைக் காதின் உயரத்துக்கு நிமிர்த்தலாம். வெடியை அடக்கி வசனத்தைத் தூக்கும் 'நைட் மோட்' பெரும்பாலான ரிசீவர்களில் உண்டு. மைக்கை முதலில் அம்மாவின் நாற்காலியிலேயே வைத்தும் அளக்கலாம். இதைச் சொன்னபோது நண்பர், "அப்ப அளவு தப்பாயிடுமே" என்றார். யாருக்குத் தப்பாகும் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சென்டரை மூன்று டெசிபல் கூட்டினார். ஃபேனையும் போட்டார். அம்மா அதற்குப் பிறகு கடைசிவரை படம் பார்த்தார்.