கெர்சோன் நகரும் கூல வணிகமும்

கிரிமியத் தீபகற்பத்தின் தென்மேற்குக் கரையில், இற்றைச் செவஸ்தபோலை ஒட்டி, கெர்சோன் என்னும் துறைமுகப் பட்டினம் இருந்தது. பைசாந்தியப் பேரரசின் வடவெல்லையாகிய இந்நகரைத் தலைநகரினர் எங்ஙனம் தம் ஆணைக்குள் நிறுத்தினர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

655-இல் இவ்வூருக்கு நாடு கடத்தப்பெற்ற போப்பாண்டவர் முதலாம் மார்ட்டின், உணவின் அருமையைத் தம் மடல்களில் வருந்தி எழுதினார். உப்புக் கொள்ள வந்த சிறு கலங்களே அவருக்குச் சிறிது கூலம் தந்தன. மூன்று நூற்றாண்டுகட்குப் பின், ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகனுக்கெனத் தொகுத்த ஆட்சி நூலிலும் இச்செய்தியே காணப்பெறுகிறது. பெட்சநெகரிடம் கொண்ட தோலையும் மெழுகையும் பேரரசில் விற்றும், தென்கரையினின்று கூலம் பெற்றுமே இந்நகரத்தார் வாழ்ந்தனர் என்கிறது அந்நூல். ஆதலின், அவர்கள் கிளர்ந்தெழுந்தால் தலைநகரிலுள்ள அவர்தம் கலங்களைப் பறிக்கவும், கூலக் கப்பல்களைத் தடுக்கவும், ஆண்டுதோறும் நகருக்கு அளித்த 10 இராத்தல் பொன்னை நிறுத்தவும் அது பணிக்கிறது. படையினும் பசியே வலிய கருவி என்பது அவ்வரசர் கண்ட முடிபு.

இம்முடிபு முழுதும் பொருந்துமா? வணிகத்தின் பொருட்டுப் புறநாட்டாரோடு பழகிய நகரத்தார்க்குப் பிற துணைகளும் இருந்தன. 695-இல் அரியணை இழந்து இங்கு அனுப்பப்பெற்ற இரண்டாம் ஜஸ்டீனியன், 705-இல் மீண்டும் அரசெய்திப் பின்னர் இந்நகர்மீது படை ஏவினான். நகரத்தார் காசரின் துணையை நாடினர். 711-இல் பிலிப்பிகஸ் இங்கேயே பேரரசனாக அறிவிக்கப்பெற்றான். ஜஸ்டீனியன் அவ்வாண்டே கொல்லப்பட்டான்.

இந்நகரத் தலைவன் மகனாகிய கலோகிரஸ் வரலாறும் நோக்கற்பாலது. நிக்கேபரஸ் போக்கஸ் (963-969) அவனிடம் 1500 இராத்தல் பொன் தந்து, பல்கேரியர்மீது போர்தொடுக்கத் தூண்டுமாறு உருசிய வேந்தன் ஸ்வியாதொஸ்லாவிடம் அனுப்பினான் என்பர் லியோ என்னும் வரலாற்றாசிரியர். தூது சென்றவனோ அவ்வேந்தன் துணையால் தானே அரியணையைக் கவரச் சூழ்ந்தான். 988-89-இல் விளாதிமிர் இந்நகரை முற்றியபோதும், குடிநீர்க் குழாய் செல்லும் இடத்தை அம்பில் எழுதிப் பகைவர்க்கு அறிவித்தவன் நகரத்துள் இருந்த அனஸ்தாஸ் என உருசியப் பழவரலாறு உரைக்கும்.

இவற்றை நகரத்தாரின் இயற்கைக் குணமெனக் கொள்ளுதல் பொருந்தாது. கெர்சோனைப் பேரரசுக்குப் பயனுடையதாக்கியது, அயலாரோடு அது கொண்ட பழக்கமே. சூழ்ச்சிக்கு வழி திறந்ததும் அதுவே. கூலத்தை நிறுத்தி வணிகனை அடக்க முடிந்த அரசு, அவன் அயலாரிடம் பெற்றிருந்த நட்பை அறுக்க முயன்றிருப்பின், தோலும் மெழுகும் தனக்கு வாராதொழிந்திருக்கும் என்பதே நாம் காணும் உண்மை.